அமெரிக்கக் கிரேக்கரும் சைப்ரஸ் தீவும்

பிழைப்பை நாடிப் பிறந்த மண்ணை விட்டு வேற்றிடம் சென்று வேரூன்றிய மக்களுக்கு, தங்கள் முன்னோர் வாழ்ந்த மண்ணில் ஒரு துன்பம் நேர்ந்தால் உள்ளம் பதைப்பது இயல்பே. பதைத்து என்ன செய்வது? பத்திரிகையைப் படித்துப் பெருமூச்சு விடலாம். கோயிலிலே கூடிப் பிரார்த்திக்கலாம். பணமும் துணிமணியும் திரட்டி அனுப்பலாம். நம் சங்கமும் புயல் வெள்ளக் காலங்களில் இவற்றைச் செய்து வந்திருப்பதை அன்பர்கள் அறிவார்கள். இவற்றையெல்லாம் செய்ததோடு நில்லாமல், தாங்கள் குடியேறிய தேசத்தின் சட்டமன்றத்தையே அசைத்து, அந்நிய அரசாங்கம் ஒன்றின்மீது தடை விதிக்கச் செய்த ஒரு சமூகம் உண்டு. அமெரிக்க ஐக்கிய நாட்டில் குடியேறிய கிரேக்கர்களே அவர்கள். 1974-ம் ஆண்டு தொடங்கி 1978-ம் ஆண்டு வரை நடந்த அந்தப் போராட்டத்தைப் பற்றிச் சிறிது விரிவாக எழுதலாம் என்று கருதுகிறோம். பாராட்டுவதற்கும் அதில் உண்டு, யோசித்துப் பார்ப்பதற்கும் அதில் உண்டு.

முதலில் அந்தக் கிரேக்கர்கள் எப்படிப்பட்டவர்கள் என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஹோமரையும் ஸாக்ரடீஸையும் பெற்ற இனம் என்று எண்ணி, அவர்கள் அமெரிக்காவுக்குப் பண்டிதர்களாகப் போய் இறங்கினார்கள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் கப்பலேறிச் சென்றவர்களில் மிகப் பெரும்பாலோர் கிராமத்து ஏழைகள். லோவல் நகரத்து நெசவாலைகளில் உழைத்தார்கள். தெருமுனைகளில் பூட்ஸுக்கு மெருகு போட்டார்கள். பிளாரிடாவின் டார்பன் ஸ்பிரிங்ஸ் கரையில் கடலுக்குள் மூழ்கிப் பஞ்சு எடுத்தார்கள். மேற்கு மாகாணங்களில் தண்டவாளம் போடும் கோஷ்டிகளில் கூலிகளாகச் சேர்ந்தார்கள். (ரயில்வே உத்தியோகத்தில் காலம் தள்ளும் நமக்கு இந்தக் கடைசிச் செய்தியில் தனிப் பிரியம் உண்டு.) கையிலே சிறிது காசு சேர்ந்ததும் மிட்டாய்க் கடை, சிற்றுண்டிச்சாலை என்று வைத்துப் பிழைத்தார்கள். சென்ற இடமெல்லாம் இட்டலிக் கடை வைத்து ஊன்றிக்கொண்ட நம்மவர்களுக்கு இது புதிய கதையன்று.

அவர்களை வரவேற்றார்கள் என்றும் சொல்வதற்கில்லை. 1909-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் நெப்ராஸ்கா மாகாணத்தில் தெற்கு ஒமாஹா என்னுமிடத்தில், கிரேக்கன் ஒருவன் போலீஸ்காரரைச் சுட்டுக் கொன்றான் என்ற காரணத்தால், பெருங்கூட்டம் ஒன்று கிரேக்கர் குடியிருப்பினுள் புகுந்து கடைகளையும் வீடுகளையும் சூறையாடித் தீ வைத்தது. ஒருவன் செய்த குற்றத்துக்கு ஊரே விரட்டப்பட்டது. 1922-ம் ஆண்டில் அட்லாண்டா நகரத்தில், வெள்ளை வெறிக் கூட்டமான கூ க்ளக்ஸ் க்ளானின் தொல்லைக்கு எதிராகக் கிரேக்கர்கள் 'அஹேபா' என்னும் சங்கத்தை நிறுவினார்கள். ஆங்கிலம் கற்பது, பிரஜா உரிமை பெறுவது, வாக்குப் போடுவது, இந்நாட்டிலே நல்ல குடிகளாகத் திகழ்வது ஆகியவையே அதன் நோக்கங்கள். 1924-ம் ஆண்டின் குடியேற்றச் சட்டமோ கிரேக்க தேசத்திலிருந்து ஆண்டொன்றுக்கு வெறும் 100 பேர் வரலாம் என்று கதவைச் சாத்தியது. உள்ளே இருந்தவர்கள் பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள். மாதாகோயிலை மையமாகக் கொண்டு மொழியையும் பண்டிகைகளையும் காத்தார்கள். சங்கத்தின் கிளைகள் நாடெங்கும் பரவின. ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு அந்தக் கிளைகளே தந்திக் கம்பிகளைப்போல் வேலை செய்யப் போகின்றன என்று அன்று யார் நினைத்தார்கள்!

நிற்க. இனிச் சைப்ரஸுக்குச் செல்வோம்.

மத்தியதரைக் கடலின் கிழக்கு மூலையில், துருக்கி தேசத்துக்குத் தெற்கே உள்ள தீவு அது. 1960-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் பிரிட்டிஷ் ஆட்சியிலிருந்து விடுதலை பெற்றது. ஜனங்களில் ஐந்தில் நான்கு பங்கினர் கிரேக்க மொழி பேசுவோர். எஞ்சியோரில் பெரும்பாலோர் துருக்கியர். கிரீஸ், துருக்கி, பிரிட்டன் ஆகிய மூன்று நாடுகளும் அத்தீவின் சுதந்தரத்துக்குப் பிணை நின்று உடன்படிக்கை செய்திருந்தன. பிணை நின்றவர்கள் மூவர். காப்பாற்றியவர் யார் என்பதைச் சரித்திரம் படிப்போர் முடிவு செய்துகொள்ளலாம்.

1963-ம் ஆண்டின் இறுதியில் இரு சமூகங்களுக்கும் இடையே கலகம் மூண்டது. சிறுபான்மைத் துருக்கியர் பலர் தங்கள் கிராமங்களை விட்டோடி, சிறு சிறு வட்டாரங்களுக்குள் அடைபட்டு வருஷக்கணக்கில் வாழ்ந்தார்கள். 1964-ம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் சபை அமைதிப்படை ஒன்றை அங்கு அனுப்பியது. அந்தப் படைக்கும் நம் தேசத்துக்கும் நெருங்கிய சம்பந்தம் உண்டு. அதன் முதல் தளபதி இந்தியரான ஜெனரல் கியானி. அடுத்து வந்தவர் குடகு நாட்டு வீரரான ஜெனரல் திம்மய்யா. அவர் 1965-ம் ஆண்டு டிசம்பர் மாதம் அத்தீவிலேயே, பணியிலிருக்கும்போதே காலமானார். மறு ஆண்டு சைப்ரஸ் அரசாங்கம் அவர் நினைவாகத் தபால்தலை வெளியிட்டது. 1974-ம் ஆண்டில் பெரும் விபரீதம் நிகழ்ந்தபோது படைத் தலைமையில் இருந்தவரும் இந்தியரே. ஜெனரல் பிரேம்சந்த் என்பவர். அவருடைய படைதான் தலைநகரான நிகோஸியாவின் விமான நிலையத்தை இரு தரப்பாருக்குமின்றித் தன் பாதுகாப்பில் எடுத்துக்கொண்டது.

அந்த விபரீதம் இதுதான். அப்போது கிரீஸ் தேசத்தை ராணுவ அதிகாரிகளின் சர்வாதிகாரக் கும்பல் ஆண்டுகொண்டிருந்தது. 1974-ம் ஆண்டு ஜூலை 15-ந் தேதி, அந்தக் கும்பலின் தூண்டுதலால் சைப்ரஸில் புரட்சி நடந்தது. ஜனாதிபதியாயிருந்த ஆர்ச்பிஷப் மக்காரியோஸ் உயிர் தப்பியோடினார். தீவைக் கிரீஸோடு இணைத்துவிடுவார்களோ என்ற அச்சத்தையும், பிணை உடன்படிக்கை தந்த உரிமையையும் காரணம் காட்டித் துருக்கி ஜூலை 20-ந் தேதி படையெடுத்தது. மூன்றே நாளில் ஏதென்ஸில் சர்வாதிகாரம் சரிந்தது, ஜனநாயகம் திரும்பியது. அத்துடன் துருக்கி நின்றிருந்தால் உலகம் அதனைப் பெரிதும் குறை கூறியிராது. ஜினிவாவில் சமாதானப் பேச்சு முறிந்தவுடனேயே, ஆகஸ்டு 14-ந் தேதி அதன் படைகள் மீண்டும் புறப்பட்டன; தீவின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 37 சதவிகிதத்தைப் பிடித்துக்கொண்டன. 1,60,000-க்கும் அதிகமான கிரேக்கர் வடக்கேயிருந்து தெற்கே அகதிகளாக ஓடினர். 40,000-க்கும் மேற்பட்ட துருக்கியர் பின்னர் தெற்கேயிருந்து வடக்கே பெயர்ந்தனர். மராத்தா, டோக்னி முதலிய துருக்கியக் கிராமங்களில் கிரேக்கத் தீவிரவாதிகள் நிராயுதபாணிகளைக் கொன்று புதைத்த கொடுமையும் அந்த ஆகஸ்டு மாதத்திலேயே நிகழ்ந்தது. ஒரு பக்கத்துக் கண்ணீரை மட்டும் எழுதுவது நியாயமாகாது ஆகையால் இதனையும் குறிப்பிடுகிறோம்.

துருக்கிப் படைவீரர் கையில் இருந்தவை பெரும்பாலும் அமெரிக்க ஆயுதங்கள். அமெரிக்கக் கிரேக்கரின் போராட்டம் இங்கேதான் தொடங்குகிறது.

நாம் உத்தியோகம் பார்க்கும் ரயில்வே அலுவலகத்திற்கு நாள்தோறும் மனுக்கள் வரும். தெற்கே போகும் வண்டி இன்ன நிலையத்தில் இரண்டு நிமிஷம் நிற்க வேண்டும். விடுமுறைக் காலத்தில் இன்னும் ஒரு பெட்டி கோக்க வேண்டும் என்பன போன்றவை. மனுக்களில் இரண்டு ஜாதி உண்டு. 'நாங்கள் மிகவும் கஷ்டப்படுகிறோம், கருணை கூர்ந்து' என்று எழுதுவது ஒன்று. 'இன்ன தேதியிட்ட உங்கள் சுற்றறிக்கையின் இன்ன பத்தியில் நீங்களே இவ்வாறு சொல்லியிருக்கிறீர்கள். அதன்படி ஏன் செய்யவில்லை?' என்று எழுதுவது மற்றொன்று. முதல் ஜாதி மனுவைக் கட்டில் சேர்த்துவிடலாம். இரண்டாவது ஜாதி மனு மேஜையில் கிடந்து உறுத்தும். யாராவது பதில் எழுதித்தான் ஆக வேண்டும்.

அமெரிக்கக் கிரேக்கர்கள் எழுதியது இரண்டாவது ஜாதி மனு. அந்நிய உதவி பற்றி அமெரிக்கா 1961-ம் ஆண்டில் இயற்றிய சட்டத்தில், அமெரிக்கா கொடுக்கும் ஆயுதங்களைத் தற்காப்புக்காகவும் அதைச் சார்ந்த சில காரியங்களுக்காகவும் மட்டுமே பயன்படுத்தலாம். மீறிய நாட்டுக்கு மேற்கொண்டு உதவி கிடையாது என்று தெளிவாகக் கண்டிருந்தது. 'எங்கள் உறவினர்கள் சாகிறார்கள்' என்பதைக் காட்டிலும் 'உங்கள் சட்டம் சாகிறது' என்பதையே அவர்கள் முன்னே வைத்தார்கள். கிரேக்கர் அல்லாத அங்கத்தினர்களும் கூசாமல் கைதூக்குவதற்கு அதனால் வழி பிறந்தது.

சட்டசபை அங்கத்தினர்களை நெருங்கித் தம் கோரிக்கையை வற்புறுத்தும் காரியத்துக்கு அமெரிக்காவில் 'லாபி' என்று பெயர். லாபி என்றால் சபா மண்டபத்தின் முன்கூடம். அங்கே காத்து நின்று அங்கத்தினர்களைப் பிடித்துப் பேசுவதால் வந்த பெயர். நம்மில் சிலருக்கு அந்தச் சொல் கேட்டவுடன் பணப் பெட்டியும் விருந்தும் நினைவுக்கு வரலாம். கிரேக்கர்களின் லாபி பெரும்பாலும் கடிதங்களும் தந்திகளும் தொலைபேசியுமாக நடந்தது. மாதாகோயில்களில் ஞாயிறு பூசை முடிந்ததும் ஜனங்கள் கூடினார்கள். அஹேபாவின் கிளைகள் தத்தம் தொகுதிப் பிரதிநிதிக்கு எழுதின. யூஜீன் ராஸைடிஸ் என்ற வக்கீல், 1974-ம் ஆண்டு ஆகஸ்டிலேயே வாஷிங்டன் நகரில் அமெரிக்க ஹெலெனிக் நிலையம் என்ற ஸ்தாபனத்தைத் தொடங்கினார். அவர் சைப்ரஸ் வம்சாவளியினர். நிக்ஸன் அரசாங்கத்தில் பொக்கிஷ இலாகாவின் துணைக் காரியதரிசிகளில் ஒருவராய் இருந்தவர். அரசாங்கக் கட்டுகள் எந்த மேஜையிலிருந்து எந்த மேஜைக்குப் போகும் என்பது தெரிந்த ஒருவர் ஒரு சமூகத்தில் இருப்பது எவ்வளவு பெரிய பலம் என்பதை நம் போன்ற குமாஸ்தாக்கள் நன்கு அறிவோம்!

காங்கிரஸ் என்னும் அவர்களுடைய பாராளுமன்றத்திற்குள்ளும் ஆட்கள் இருந்தார்கள். இண்டியானா மாகாணத்தின் ஜான் பிராடமாஸ், கலமாட்டாவிலிருந்து வந்து சிற்றுண்டிச்சாலை நடத்திய ஒரு கிரேக்கரின் மகன். மேரிலாந்தின் பால் சார்பேன்ஸின் பெற்றோரும் கிரேக்கக் குடியேறிகள். அவர்களும் சிற்றுண்டிச்சாலை நடத்தியவர்களே. இந்தச் சார்பேன்ஸ்தான் அதே ஜூலை மாதத்தில் ஜனாதிபதி நிக்ஸன்மீது முதலாவது குற்றப் பிரிவைச் சட்டக் கமிட்டியில் பிரேரித்தவர். ஆனால் போராட்டத்தின் முன்னணியில் நின்ற வேறிருவர் கிரேக்கரே அல்லர். ஒருவர், கிரேக்கர் மிகுந்த நியூயார்க் குவீன்ஸ் பகுதியைச் சேர்ந்த பெஞ்சமின் ரோஸன்தால் என்ற யூதர். மற்றவர், மிஸ்ஸூரி மாகாணத்து செனேட்டர் தாமஸ் ஈகிள்டன்; அவருடைய மாகாணத்தில் கிரேக்கர் வாக்கு அப்படியொன்றும் பெரிதன்று. சட்டம் என்று ஒன்றிருந்தால் அதை நிறைவேற்ற வேண்டும் என்பதே அவருடைய கட்சி.

பிராடமாஸைப் பற்றி இன்னொரு விஷயம் சொல்ல வேண்டும். 1967-ம் ஆண்டு முதல் ஏதென்ஸில் ராணுவக் கும்பல் ஆண்டபோது, அமெரிக்கக் கிரேக்கர்களில் கணிசமானோர் வாய் திறவாதிருந்தார்கள். சிலர் அந்த ஆட்சியோடு நட்பும் பாராட்டினார்கள். பிராடமாஸ் அந்தச் சர்வாதிகாரத்திற்கும் ஆயுதம் கொடுக்கலாகாது என்று அப்பொழுதே வாதாடியவர். ஆகையால் துருக்கிக்கு ஆயுதம் கூடாது என்று அவர் சொன்னபோது, 'இனப்பற்றினால் பேசுகிறாய்' என்று அவரை எளிதில் மடக்க முடியவில்லை. மௌனமாக இருந்தவர்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. சைப்ரஸின் துயரத்துக்கு முதல் திரியைக் கொளுத்தியது ஏதென்ஸ் கும்பல்தான் என்பதை நினைக்கும்போது, அந்த ஏழு வருஷ மௌனம் நம் மனத்தில் கசக்கவே செய்கிறது.

காலமும் அவர்களுக்குச் சாதகமாயிருந்தது. வியட்நாம் யுத்தத்தாலும் வாட்டர்கேட் ஊழலாலும் ஜனாதிபதி பதவியின் கௌரவம் குலைந்திருந்தது. ஆகஸ்டு 9-ந் தேதி நிக்ஸன் விலகி ஜெரால்டு ஃபோர்டு பதவியேற்றார். அயல்நாட்டு விவகாரங்களில் தன் அதிகாரத்தைத் திரும்பப் பெறக் காங்கிரஸ் துடித்துக்கொண்டிருந்தது. போதாக்குறைக்கு, அபினிச் செடி பயிரிடுவதற்கு இருந்த தடையைத் துருக்கி அந்த ஜூலை முதல் தேதிதான் நீக்கியிருந்தது. ஹெராயின் விஷம் தெருத்தெருவாகப் பரவியிருந்த அமெரிக்க நகரங்களின் பிரதிநிதிகளுக்குத் துருக்கிமீது ஏற்கெனவே கோபம். சின்னஞ்சிறு சமூகம் ஒன்று பெரிய தேசத்தின் சட்டமன்றத்தைத் தன் பலத்தால் மட்டும் புரட்டிவிட்டது என்று சிலர் எழுதுவதை நாம் ஒப்புவதில்லை. ஏற்கெனவே நகரக் காத்திருந்த வண்டியை அவர்கள் தக்க சமயத்தில் தள்ளிவிட்டார்கள், அவ்வளவே. ஆனால் தக்க சமயத்தில் தள்ளுவதும் ஒரு திறமைதான்.

எதிர்த்து நின்றவர் சாமானியரல்லர். அயல்நாட்டு இலாகாவின் காரியதரிசி ஹென்றி கிஸ்ஸிங்கர். துருக்கி நேட்டோ கூட்டணியின் அங்கம். அப்போது அது ருஷ்யாவின் எல்லையைத் தொட்டுக்கொண்டு நின்றது. ருஷ்யாவின் நடமாட்டங்களை ஒட்டுக் கேட்கும் நிலையங்கள் அங்கே இருந்தன. தடை விதித்தால் துருக்கி முறைத்துக்கொள்ளுமே தவிர ஓரடியும் பின்வாங்காது என்பது அவர் வாதம். இந்த வாதம் வீண் பேச்சன்று என்பது பின்னால் தெரியவந்தது.

1974-ம் ஆண்டு செப்டம்பர் 24-ந் தேதி பிரதிநிதிகள் சபையில் வாக்கெடுப்பு நடந்தது. துருக்கிக்கு ராணுவ உதவியை நிறுத்தும் திருத்தத்துக்குச் சாதகமாக 307 வாக்குகள், பாதகமாக 90. ஃபோர்டு தம் மறுப்பு அதிகாரத்தை, அதாவது வீட்டோவைப் பிரயோகித்தார். அதனைத் தள்ள மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். அக்டோபர் 15-ந் தேதி 223-க்கு 135, போதவில்லை. சபை வேறு வாசகத்தில் மீண்டும் நிறைவேற்றியது. ஃபோர்டு அக்டோபர் 17-ந் தேதி மீண்டும் மறுத்தார். அன்றே வாக்கெடுப்பு: 161-க்கு 83. இரண்டே இரண்டு வாக்குக் குறைவு! தேர்தல் நெருங்கிவிட்டபடியால் அங்கத்தினர் பலர் ஊருக்குக் கிளம்பிப் போயிருந்தார்கள். கடைசியில் இரு தரப்பும் சமரசத்துக்கு வந்து, தடையைச் சில வாரங்கள் ஒத்திப் போட்டன. சமாதானப் பேச்சில் முன்னேற்றம் எதுவும் காணப்படாமையால், 1975-ம் ஆண்டு பிப்ரவரி 5-ந் தேதி ஆயுதத் தடை அமலுக்கு வந்தது.

தெற்கு ஒமாஹாவில் வீடெரிந்து ஓடியவர்களின் இனத்தார், அறுபத்தாறு ஆண்டுகளில், அமெரிக்க ஜனாதிபதியும் விரும்பாத ஒரு சட்டத்தை அவர் கையாலேயே நிறைவேற்ற வைத்தார்கள். அந்த இரவு கிரேக்கர் வீடுகளில் எவ்வளவு ஆனந்தம் பொங்கியிருக்கும் என்று நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

ஆனால் சைப்ரஸில் என்ன நடந்தது? தடை வந்த எட்டாம் நாள், பிப்ரவரி 13-ந் தேதி, தீவின் வடபகுதியில் 'துருக்கிய ஐக்கிய ராஜ்யம்' என்று தனி ஏற்பாடு ஒன்றை அறிவித்தார்கள். ஒரு கிராமமும் திரும்பி வரவில்லை. ஜூலை 24-ந் தேதி, தடையைத் தளர்த்தும் முயற்சியைப் பிரதிநிதிகள் சபை 223-க்கு 206 என்ற வாக்கில் தோற்கடித்தது; மறுநாளே துருக்கி அமெரிக்காவோடு செய்துகொண்ட பாதுகாப்பு ஒப்பந்தத்தை நிறுத்திவைத்து, தன் நாட்டிலிருந்த அமெரிக்க நிலையங்களின் வேலையை முடக்கித் தன் கண்காணிப்பில் கொண்டுவந்தது. நேட்டோவின் காரியங்களுக்கு மட்டும் இன்ஜர்லிக் விமானத் தளம் திறந்திருந்தது. காங்கிரஸ் சற்று அசைந்தது. அந்த அக்டோபரில் தடையின் ஒரு பகுதி நீக்கப்பட்டது. துருக்கியோ வேறொரு பாடம் கற்றுக்கொண்டது. பிறர் கையை எதிர்பார்த்தால் இப்படித்தான் என்று கருதி, 1975-ம் ஆண்டிலேயே அஸெல்சான் என்னும் ராணுவ மின்னணுச் சாதனத் தொழிற்சாலையை நிறுவியது. அந்தத் தேசம் இன்று உலகச் சந்தையில் ஆயுதம் விற்கும் நாடுகளில் ஒன்றாக விளங்குவதற்கு அந்தத் தடையே ஒரு வித்து.

அப்படியானால் தடை வீணா? இது பற்றி நமக்குள் பலமுறை விவாதித்திருக்கிறோம். வாசகசாலையில் ஓர் அன்பர், "அடித்தவனுக்கு மறுபடியும் தடி எடுத்துக் கொடுக்காமல் இருப்பதே ஒரு நியாயந்தானே ஐயா, அவன் திருந்தினால் என்ன, திருந்தாவிட்டால் என்ன?" என்று கேட்டார். நமக்கும் அந்தக் கட்சியில் சார்புண்டு. தன் சட்டத்தைத் தானே மதிப்பது அமெரிக்காவுக்குக் கடமை. அதைச் செய்ய வைத்தது கிரேக்கரின் சாதனை. ஆனால் தடையினால் அகதிகள் வீடு திரும்புவார்கள் என்று அந்த மக்களுக்கு நம்பிக்கையூட்டியது வேறு விஷயம். கூடாரத்தில் குளிரில் கிடந்தவன் வாஷிங்டனில் விழும் வாக்குகளை எண்ணிக்கொண்டிருந்தான் என்றால், அவனுக்கு 307-ம் 90-ம் என்ன பொருளைத் தந்திருக்கும்? ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால், பத்திரமான வீட்டில் அமர்ந்து தந்தி அடிப்பவனுக்குத் தோல்வியின் விலை குறைவு. தூரத்து உறவினன் சண்டையில் காட்டும் உறுதி, சண்டைக்காரனின் சமரசத்துக்குச் சில சமயம் இடையூறாவதும் உண்டு.

இன்னொன்றும் உண்டு. சைப்ரஸ் துருக்கியருக்கும் துன்பம் இருந்தது. அவர்களுக்காக வாஷிங்டனில் கதவைத் தட்ட ஆள் இல்லை. அமெரிக்காவில் துருக்கியர் தொகை குறைவு. அவர்களுடைய சங்கங்கள் ஒன்றுகூடி மகாசபை அமைத்ததே 1979-ம் ஆண்டில்தான். ஆகவே 1963-ம் ஆண்டின் கதை காங்கிரஸில் மெலிந்தும், 1974-ம் ஆண்டின் கதை ஓங்கியும் ஒலித்தன. வாக்குள்ளவன் வழக்குத்தான் மன்றம் ஏறுகிறது. கிரேக்கர்களை இதற்காகக் குறை கூற முடியாது. ஆனாலும் நடந்தது அதுதான்.

1976-ம் ஆண்டுத் தேர்தலில் ஜிம்மி கார்ட்டர், சைப்ரஸ் விஷயத்தில் கிரேக்கர் மனம் குளிரப் பேசினார். அவர்களும் அவரை நம்பினார்கள். பதவிக்கு வந்த பின் அவருக்கும் கிஸ்ஸிங்கர் கண்ட அதே பூகோள படந்தான் கண்ணில் பட்டது. 1978-ம் ஆண்டில் தடையை அடியோடு நீக்கும்படி காங்கிரஸைக் கேட்டுக்கொண்டார். தேர்தல் மேடையில் பேசும் வாயும் நாற்காலியில் அமர்ந்து பேசும் வாயும் வேறு வேறு என்பது எல்லாத் தேசத்துக்கும் பொதுவான அனுபவம் போலும்! ஜூலை 25-ந் தேதி செனேட் 57-க்கு 42 என்று இணங்கியது. ஆகஸ்டு முதல் தேதி பிரதிநிதிகள் சபையில் 208-க்கு 205. மூன்று வாக்கு வித்தியாசத்தில் தடை அகன்றது.

தோற்றவர்கள் வெறுங்கையோடு திரும்பவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சைப்ரஸ் பிரச்சினையில் என்ன முன்னேற்றம் என்பதை 60 நாட்களுக்கு ஒருமுறை ஜனாதிபதி காங்கிரஸுக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்று அந்தச் சட்டத்திலேயே ஒரு விதி சேர்க்கப்பட்டது. பின்னர், துருக்கிக்கு 10 டாலர் ராணுவ உதவி என்றால் கிரீஸுக்கு 7 டாலர் என்னும் விகிதம் காங்கிரஸில் பல்லாண்டு வழக்கமாக நிலவியது. பிராடமாஸ் 1980-ம் ஆண்டுத் தேர்தலில் தோற்று, நியூயார்க் சர்வகலாசாலையின் தலைவரானார். சார்பேன்ஸ் 1977 முதல் 2007 வரை முப்பது ஆண்டுகள் செனேட்டராக விளங்கினார். சிற்றுண்டிச்சாலைகளின் பிள்ளைகள் இருவரும் இப்போது உயிருடன் இல்லை.

தீவு இன்னும் இரண்டாகவே கிடக்கிறது. 1983-ம் ஆண்டு நவம்பரில் வடபகுதி தன்னைத் தனிக் குடியரசு என்று பிரகடனம் செய்தது. துருக்கியைத் தவிர எந்த நாடும் அதனை அங்கீகரிக்கவில்லை. 2003-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் எல்லைக் கோட்டில் வழி திறந்தபோது, இருபத்தொன்பது ஆண்டுகளுக்குப் பின் ஜனங்கள் மணிக்கணக்கில் வரிசையில் நின்று, தங்கள் பழைய வீடுகளைப் பார்த்துவரச் சென்றார்கள். அந்த வீடுகளில் வேறு குடும்பங்கள் குடியிருந்தன. மறு ஆண்டு ஐக்கிய நாடுகள் சபையின் சமரசத் திட்டம் இரு பகுதிகளிலும் வாக்குக்கு விடப்பட்டபோது, துருக்கியரில் 65 சதவிகிதத்தினர் சரி என்றனர். கிரேக்கரில் 76 சதவிகிதத்தினர் வேண்டாம் என்றனர். ஒரு வாரத்தில் சைப்ரஸ் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தது.

கலகங்களிலும் படையெடுப்பிலும் காணாமற் போனவர்களைத் தேட ஒரு கமிட்டி 1981-ம் ஆண்டிலேயே ஏற்பட்டது. அதன் பட்டியலில் இரு சமூகத்தாருமாக 2,002 பெயர்கள். காலமெல்லாம் பேச்சிலேயே கழிந்து, 2006-ம் ஆண்டிலிருந்துதான் தோண்டும் வேலை ஒழுங்காக நடக்கிறது. கிரேக்க விஞ்ஞானிகளும் துருக்கிய விஞ்ஞானிகளும் பழைய விமான நிலையத்தின் எல்லைக்குள் உள்ள ஒரே கூடத்தில், பக்கத்தில் பக்கத்தில் நின்று எலும்புகளை அடுக்கி ஆராய்கிறார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அடையாளம் காணப்பட்டு, அவரவர் குடும்பத்தாரிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறார்கள். எஞ்சியவர்களுக்காக வீடுகளில் இன்னும் காத்திருக்கிறார்கள்.